அன்னத்தின் கழுத்து

அக்கா டீ வாங்கும் விதத்தைச் சொன்னாலே அவரைப் பாதி சொன்ன மாதிரி. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை வாசலில் ஒரு டீக்கடை இருந்தது. நாங்களெல்லாம் கொடுத்ததை வாங்கிக் குடிப்போம். அக்கா கண்ணாடி டம்ளரை வாங்கியதும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். அந்தப் பக்கம் வைத்த விரல் இந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்தாலும் போதும், திருப்பி நீட்டிவிடுவார்.

"இது டீயா, டம்ளர் கழுவுன தண்ணியா?"

"எம்மா, உனக்கு ஒரு டீ போடுற பாலுல நாலு பேருக்குப் போடலாம்."

"அப்ப அந்த நாலு பேருக்கே போடு. எனக்கு விரலு தெரியாத டீ வேணும்."

கடைக்காரர் முனகிக்கொண்டே பாலைக் கூட்டுவார். அக்காவுக்கு எல்லாமே அப்படித்தான். அவர் டிபன் பாக்ஸில் வரும் குழம்பைச் சாய்த்தால் ஓடாது. தயிரில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பின்னல் இழுத்துப் பின்னியிருப்பதில் புருவமே கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். தண்ணீராக இருப்பது எதையும் அவர் நம்பியதில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வீட்டுக்காரர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். நான் எழுத்துப் பழக்கம் உள்ளவளும் இல்லை. பத்தாவதோடு நின்றவள். பேச்சும் எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் இந்தச் சில நாளாக அக்கா ஞாபகமாகவே இருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில் நாங்கள் ஒரு பொம்மைக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். கூரை ஷீட்டு போட்ட நீளமான ஷெட்டு. ஒரு கோடியில் அச்சில் ஊற்றும் இடம், நடுவில் பொம்மையைத் தேய்த்துத் துடைக்கும் மேஜை, மறுகோடியில் பெயிண்டிங். பின்னால் சூளை. நான் பெயிண்டிங்கில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவேன். அக்கா அச்சில் ஊற்றுவார்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பீங்கான் மண்ணைக் கரைத்துக் கூழாக்கி வைத்திருப்பார்கள். நாங்கள் அதை ஸ்லிப்பு என்போம். வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரியான அச்சு, இரண்டு பாதியாக இருக்கும். சேர்த்து, டியூப் ரப்பரை வெட்டிய வளையத்தால் இறுக்கி, மேலே இருக்கும் ஓட்டை வழியாக ஸ்லிப்பை ஊற்ற வேண்டும். அச்சு மெல்ல மெல்லத் தண்ணீரை உறிஞ்சும். உள்சுவரில் மண் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு தடிமன். போதும் என்கிற நேரத்தில் அச்சைக் கவிழ்த்து நடுவில் இருக்கும் மிச்சக் கூழைக் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் பொம்மை உள்ளே வெறுமையாக வரும்.

அந்தப் போதும் என்கிற நேரம்தான் அக்காவுக்கும் மேஸ்திரிக்கும் சண்டை.

"ஏம்மா, கவுத்து வுடும்மா. இன்னும் என்னா பாத்துக்கிட்டு நிக்குற?"

"இருங்க மேஸ்திரி. தோலு மாதிரி வந்தா கையில எடுக்கவே பயமா இருக்குது. கொஞ்சம் கெட்டிப்படட்டும்."

மேஸ்திரி ஸ்லிப்புத் தொட்டியில் சிலிகேட் என்கிற திரவத்தைக் கொஞ்சம் விட்டுக் கலக்குவார். மண் அதேதான், தண்ணீரும் கூட்டுவதில்லை, ஆனால் கூழ் இளகி ஓடும். சின்னச் சின்ன இடுக்கெல்லாம் போய்ச் சேரும். அக்காவுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் தொட்டியின் அடியிலிருந்து கெட்டியாக இருப்பதை வழித்து எடுத்து ஊற்றுவார்.

பெரும்பாலான பொம்மைக்கு அதனால் கெடுதல் இல்லை. யானை, விநாயகர், உட்கார்ந்த சீன பொம்மை எல்லாம் கனமாக, நன்றாகவே வரும். அன்னத்தில்தான் மாட்டிக்கொள்வார். அன்னம் என்பது பூச்சாடி. நீளமாக வளைந்த கழுத்து, தலையில் வாய். ஸ்லிப்பு உள்ளே போவதும் அந்தக் கழுத்து வழிதான், மிச்சம் வெளியே வருவதும் அந்தக் கழுத்து வழிதான். கெட்டியான கூழை ஊற்றி அதிக நேரம் விட்டால் வயிறு காய்வதற்கு முன்னால் கழுத்து மூடிக்கொள்ளும். கவிழ்த்தால் ஒன்றும் வராது.

அக்கா அச்சைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். "கழுத்துல அடைச்சிக்கிச்சு பாப்பா" என்பார் என்னைப் பார்த்து. வருத்தம் எதுவும் இருக்காது. துடைப்பத்தில் ஓர் ஈர்க்குச்சி உருவி கழுத்துக்குள் விட்டுக் குத்துவார். கொஞ்சம் வழியும். வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. வரிசையில் வைத்துவிடுவார்.

ஒருமுறை சூளையைத் திறந்தபோது நானும் அருகில் நின்றேன். ஒரு தட்டு முழுக்கச் சில்லு சில்லாகக் கிடந்தது. அன்னத்தின் வயிற்றுக்குள் ஈரம் தங்கிப்போய், சூட்டில் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த மயில், கிளி எல்லாவற்றையும் சேர்த்து உடைத்துவிட்டது. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா குனிந்து ஒரு சில்லைப் பொறுக்கி, தூசியை ஊதிவிட்டு அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"சுவரு எவ்ளோ கெட்டி பாருங்க. இதுல என்னா குத்தம்?"

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் சிரித்தோம்.

தேய்க்கும் கத்தி கையில் பட்டால் மற்றவர்கள் துணியைத் தேடி ஓடுவார்கள். அக்கா விரலை மேலே தூக்கிக்கொண்டு ஷெட்டு முழுக்க நடப்பார். "பாருங்க, பாருங்க, நின்னுடுச்சு. எனக்கு ரத்தம் கெட்டி" என்பார். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. காயத்தில் ரத்தம் நிற்பதற்கும் அவருக்குப் பிற்பாடு சொன்ன நோய்க்கும் சம்பந்தமில்லை என்று, பின்னாளில் அவருக்கு ஊசி போட வந்த சிஸ்டரம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அக்கா ஒத்துக்கொண்டதே இல்லை.

அம்மாவைப் பற்றி அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். சாப்பாட்டு நேரம். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி பக்கம். தம்பி பிறந்து தீட்டுக்கூடக் கழியவில்லை. அம்மா பாயிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர், சொம்பை எடுத்த கையோடு சரிந்துவிட்டாராம்.

"ஒரு காலு மட்டும் வீங்கிக் கெடந்துச்சாம். பிள்ளை பெத்தவ தனியா பின்பக்கம் போனா, காத்து அடிச்சிடுச்சின்னு சொன்னாங்க. தம்பியும் நிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா அப்புறம். எங்க பெரியம்மா வளத்துச்சு. நீ இந்த அப்பளத்த எடுத்துக்க."

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் ஸ்ரீமுஷ்ணம் போகும் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அதிர்ந்து பேசமாட்டார். பஸ்ஸில் சத்தம் போடுவதையெல்லாம் அங்கேயே தீர்த்துவிட்டு வருபவர் போல வீட்டில் மெதுவாகப் பேசுவார். பிள்ளை தங்கவில்லை. தங்கும், கலையும், மறுபடி தங்கும், கலையும். ஒவ்வொரு முறையும் அக்கா ஒரு வாரம் வரமாட்டார். வந்ததும் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், "மேஸ்திரி, என் அச்சை எவ தொட்டது? ரப்பரு தொளதொளன்னு கெடக்குது" என்று சண்டையைத் தொடங்கிவிடுவார். அதோடு சரி.

பிறகு பாண்டிச்சேரிக்குப் போகத் தொடங்கினார்கள். டெஸ்ட் டியூப் முறை என்று பேசிக்கொண்டார்கள். வயிற்றில் ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று மாதக்கணக்கில் அலைந்தார். முதல் முறை கருவை உள்ளே வைத்து அனுப்பியபோது, வீட்டில் சாதாரணமாக நடமாடலாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அக்கா வந்ததும் படுத்தவர்தான். கால்மாட்டில் இரண்டு செங்கல்லை வைத்துக் கட்டிலை உயர்த்தச் சொல்லியிருந்தார். பார்க்கப் போன என்னிடம் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினார்.

"டாக்டரு நடக்கச் சொன்னாங்கன்னு மாமா சொன்னாரே அக்கா?"

"அவங்களுக்கு என்னா தெரியும். ஊத்துன அச்சை ஆட்டலாமா பாப்பா? ஓரமா வச்சிட்டுத் தொடாம இருந்தாத்தான் ஒட்டிப் புடிக்கும்."

அது நிற்கவில்லை. அடுத்ததும் நிற்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டரம்மா பார்த்தார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். அன்றைக்கு அக்கா திரும்பி வந்து சொன்ன கதையை ஷெட்டில் எல்லாரும் ரசித்துக் கேட்டார்கள்.

"லேபுல ஒரு சின்னப் பொண்ணு. குத்துறா, வரல. மறுபடி குத்துறா, கொஞ்சம் வந்து நின்னுடுச்சு. ஊசியிலயே அடைச்சிக்கிச்சு. அதுக்கு வேர்த்துப் போச்சு பாவம். நான் சொன்னேன், ஏம்மா, எங்க ஊரு ரத்தம் அவ்ளோ சுளுவா வராதுன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரிகூட.

சோதனையில் தெரிந்தது இதுதான். அக்காவின் ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிற ரகம். கருவுக்கு ரத்தம் கொண்டுபோகும் நூல் மாதிரியான குழாய்களில் அது அடைத்துக்கொள்கிறது. சாப்பாடு போய்ச் சேராமல் கரு வாடிவிடுகிறது. கருத்தரிக்கக் கொடுக்கிற மருந்துகளும் அந்த உறைதலை இன்னும் கூட்டும். பிள்ளை உண்டாகியிருக்கும்போது தாய்க்கே ஆபத்து. அதனால் அடுத்த முறை கூடவே ஒரு சின்ன மாத்திரையும், பிள்ளை பெறும்வரை தினமும் வயிற்றில் ஓர் ஊசியும் போட வேண்டும் என்றார்கள். ரத்தத்தை உறையவிடாத ஊசி.

"உங்க வீட்டுல யாருக்காச்சும் இப்புடி இருந்துச்சான்னு கேட்டாங்க" என்றார் அக்கா. "இல்லன்னுட்டேன்."

"உங்க அம்மா?" என்றேன்.

"அது காத்து அடிச்சது பாப்பா. அது நோயா?"

அடுத்த முறை கரு நின்றது. மாமா ஷெட்டுக்கே வந்து லட்டு கொடுத்தார். அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஊசி போட அவர்கள் தெருவிலேயே ஒருவர் இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் சிஸ்டரம்மா என்போம். தினமும் காலையில் ஜெபம் முடித்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். அக்கா வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போய் நீலமும் பச்சையுமாக இருக்கும். பெயிண்டிங் மேஜையில் பிரஷ் துடைக்கிற துணி மாதிரி.

"பாத்தியா பாப்பா, உள்ள என்னமா பரவுதுன்னு. ஒரே தண்ணியா ஓடுது."

"அது தோலுக்கு அடியில கொஞ்சம் கசியுறது. ஒண்ணும் செய்யாது" என்பார் சிஸ்டரம்மா ஊசியைப் பெட்டியில் போட்டபடி.

"உங்களுக்கு எல்லாமே ஒண்ணும் செய்யாது."

"உனக்கு எல்லாமே ஏதாச்சும் செய்யும். போதுமா? புடவைய எறக்கு."

நான்காவது மாதத்தில் லேசாக ரத்தம் பட்டது. பாண்டிச்சேரிக்கு ஓடினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம், ஊசியை நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரம் சிஸ்டரம்மாவுக்கு ஜுரம். ஊசியைத் தானே போட்டுக்கொள்ள அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அக்கா போட்டுக்கொள்ளவில்லை. ரத்தம் நின்றுவிட்டது. அது தானாக நின்றிருக்கும். ஆனால் அக்காவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. அன்றைக்கு என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. ஊசியின் மூடியைக் கழற்றி, மருந்தை அதன் வேரில் பீய்ச்சினார்.

"அக்கா, என்னாக்கா இது?"

"தண்ணியா ஊத்துன பொம்மையக் கண்ணால பாத்திருக்க இல்ல. எடுக்குறப்பவே வளையும். சூளையில வச்சா குந்திப் போவும். என் ரத்தத்துலதான பாப்பா இது உருவாவுது? அதத் தண்ணியாக்கிட்டா பிள்ளை எப்படி நிக்கும்? நிறுத்துனேன். நின்னுச்சு. பாத்த இல்ல?"

வெளியே வந்ததும் நேராகச் சிஸ்டரம்மா வீட்டுக்குப் போனேன். ஜுரத்தில் படுத்திருந்தவர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். அந்தத் தெரு முழுக்கக் கேட்டது அவர் சத்தம்.

"அது கரைக்குற மருந்து இல்லடி. தண்ணி கலக்குற மருந்தும் இல்ல. அடைக்காம பாத்துக்குற மருந்து. அடைச்சா மொதல்ல பிள்ளைக்கு, அப்புறம் உனக்கு. காலுல அடைக்கும். அங்கேருந்து கெளம்பி நெஞ்சுக்குப் போவும். நான் வார்டுல பாத்திருக்கேன்."

மாமா வாசலில் டிக்கெட் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். "அவ சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும் சிஸ்டரு" என்று ஆரம்பித்தார். சிஸ்டரம்மா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா சமாதானமாகத் தலையாட்டினார். என் மேல் கோபப்படவும் இல்லை. "போட்டுக் குடுத்துட்டியாடி கண்ணு வரையுறவளே" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது. அதற்குப் பிறகு சிஸ்டரம்மா தன் கையாலேயே தினமும் போட்டார். போட்டு முடிக்கும்வரை நகரமாட்டார். அக்கா வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முகம் பூரித்திருந்தது. இனி ஒன்றும் ஆகாது என்று நாங்கள் நினைத்தோம்.

சிஸ்டரம்மாவின் மகளுக்கு அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் பிரசவம். போகாமல் இருக்க முடியாது. போகும்போது அக்காவிடம் ஊசிப் பெட்டியைக் கொடுத்து, பைபிள் மேல் கை வைக்கச் சொல்வாரோ என்று நாங்கள் பார்த்தோம். அவர் அப்படியெல்லாம் செய்யவில்லை. "உனக்காக இல்ல, அதுக்காகப் போட்டுக்க" என்று வயிற்றைத் தொட்டுவிட்டுப் போனார். வேறு நர்ஸை வைக்கலாம் என்று மாமா சொன்னதற்கு, "எனக்குத்தான் போடத் தெரியுமே. முன்ன பின்ன தெரியாதவ வந்து என் வயித்தத் தொடணுமா?" என்றார் அக்கா.

நான் ஞாயிறுதோறும் போய்க் கேட்பேன். புடவையை ஒதுக்கிக் காட்டுவார். நீலம் இருக்கும். அது புது நீலமா பழைய நீலமா என்று எனக்குத் தெரியாது. செம்பருத்தி மட்டும் கொள்ளாமல் பூத்திருந்தது. தினம் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து பெரியம்மா, மாமா வழிச் சொந்தங்கள், எங்கள் ஷெட்டிலிருந்து எல்லாரும் வந்திருந்தோம். ஐந்து வகைச் சாதமும் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா பட்டுப்புடவையில், கழுத்து கொள்ளாத மாலையோடு, முதல்முறையாக இறுக்கம் தளர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். என் முறை வந்தது. கும்பிட்டுக் கால் தொடக் குனிந்தேன்.

இடது கால் வீங்கியிருந்தது. வலது கால் வழக்கம்போல இருந்தது. இடது கால் மட்டும் பாதத்திலிருந்து முட்டிவரை ஒரே தடிமனாக, சிவந்து, பளபளவென்று இருந்தது. மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. தொட்டேன். சூடு.

"அக்கா, காலு..."

"மாசமா இருந்தா வீங்காதா?" என்றார் பெரியம்மா பின்னாலிருந்து. "உப்பைக் கொறச்சா சரியாப் பூடும்."

அக்கா குனிந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாரே, அதே மாதிரி ஆடுசதையை அழுத்திப் பார்த்தார். அழுத்தியதும் முகம் சுளித்தது. ஆனாலும் சிரித்தார். "கல்லு மாதிரி இருக்குது பாரு. நல்லா சத்து ஏறியிருக்குது."

எனக்கு அந்த அப்பளம் ஞாபகம் வந்தது. ஒரு காலு மட்டும் வீங்கிக் கெடந்துச்சாம். பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன் உப்பைப் பற்றிப் பேசியவரின் வாய் திறந்தபடியே நின்றது. கையிலிருந்த ஆரத்தித் தட்டை யாரிடமோ கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் சிஸ்டரம்மா வந்தார். திருச்சியிலிருந்து பஸ்ஸில் நேராக, கையில் பையோடு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாழ்த்தச் சந்தனத்தில் விரல் வைத்தவர், காலைப் பார்த்தார். சந்தனத்தைப் பூசவில்லை. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"கடைசியா ஊசி எப்பப் போட்ட?"

அக்கா வளையல்களைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"வண்டி புடிங்க. இப்பவே. நடக்க வுடாதீங்க, தூக்குங்க."

"ஆரத்தி எடுக்காம நடுவுல எழுப்பக் கூடாதுங்க" என்றார் மாமாவின் உறவு ஒருவர். "எடுத்துட்டுப் போவட்டும், செத்த நேரந்தான."

மாமா எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியம்மாதான், "தூக்குடா" என்றார். மாமா அக்காவை நாற்காலியோடு தூக்கினார்.

காரில் அக்கா பின்சீட்டில் சாய்ந்திருந்தார். வீங்கிய கால் என் மடியில். சிஸ்டரம்மா முன்னால். மாமா அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெய்வேலி தாண்டும்வரை அக்கா நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். பந்தியில் யாரும் சாப்பிடாமல் வந்துவிட்டோமே என்றார். டிரைவரிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். குழந்தை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தார். உதைத்தது. பலமாக.

வடலூர் வருவதற்குள் பேச்சு நின்றது. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். இழுக்க இழுக்க உள்ளே போகவில்லை. கையை நெஞ்சில் வைத்து, அச்சைக் குலுக்குவது போல லேசாக ஆட்டிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கைநிறைய இருந்த வளையல்கள் சலசலத்தன.

என்னைப் பார்த்தார். ஷெட்டில் எப்போதும் பார்ப்பது போல.

"அடைச்சிக்கிச்சு பாப்பா" என்றார்.

அந்தக் குரலில் இருந்ததைப் பயம் என்று சொல்லமாட்டேன். வேலை தெரிந்த ஒருத்தி தன் கைத்தப்பைக் கண்டுபிடித்துவிட்ட குரல் அது. அதற்குமேல் அவர் பேசவில்லை.

பாண்டிச்சேரியில் அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அக்காவின் நுரையீரலில் அடைத்துக்கொண்ட ரத்தக்கட்டியை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் போய்விட்டார். கையிலிருந்த வளையல்களைக் கழற்றும்போது ஒன்றுகூட உடையவில்லை. நான்தான் கழற்றினேன்.

அவர் கடைசியாக ஊற்றிவிட்டுப் போன பொம்மைகள் எப்போதோ விற்றுப்போயின. இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை. டீக்கடை இருக்கிறது, வேறு ஆள் நடத்துகிறார்.

அக்கா போன அன்றைக்கே டாக்டரம்மா மாமாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். அக்காவின் அம்மா இறந்த விதத்தை, நான் சொல்லிக் கேட்ட சிஸ்டரம்மா அப்போதுதான் டாக்டரம்மாவிடம் சொன்னார். இது சில குடும்பங்களில் தாய்க்குப் பின் மகள் என்று இறங்கிவரக் கூடியது, பெண் வளர்ந்ததும் ஒருமுறை ரத்தத்தைச் சோதித்துவிடுங்கள், கல்யாணத்துக்கு முன்னால் கட்டாயம் என்றார். மாமா தலையாட்டினார். அதற்குப் பிறகு சிஸ்டரம்மா கேட்கும்போதெல்லாம் தலையாட்டினார். சிஸ்டரம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கேட்டால் மாமா, "பொட்டப் புள்ளைக்கு இல்லாத நோயத் தேடிக்கிட்டுப் போவணுமா? நாளைக்கு ஊருல என்னா பேசுவாங்க?" என்பார்.

பெண் இப்போது காலேஜ் போகிறாள். என்னைச் சித்தி என்பாள். புருவம் ஏறும்படி இழுத்துப் பின்னுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. போன வாரம் என் வீட்டில் மாங்காய் நறுக்கும்போது கத்தி விரலில் பட்டது. நான் துணியைத் தேடி எழுந்தேன். அவள் விரலை மேலே தூக்கிக் காட்டினாள்.

"பதறாதீங்க சித்தி. பாருங்க, நின்னுடுச்சு. எனக்கும் அம்மா மாதிரி ரத்தம் கெட்டியாம். அப்பா சொல்வாரு."

மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். திட்டக்குடிப் பக்கத்தில் ஓர் இடம் வந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஓர் ஆணிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதே கிடையாது. என்னென்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கார், அந்தக் கால் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுதார். கடைசியில், "கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அவளும் பாண்டிச்சேரி போகிறோம். இன்று மத்தியானம் வந்து, என்ன உடுத்துவது, திரும்பும்போது கடற்கரைக்குப் போகலாமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நெறைய எடுப்பாங்களா சித்தி?"

"கொஞ்சந்தான். ஒரு சின்ன டியூப்பு."

"வராது பாருங்க" என்று சிரித்தாள். "ஊசியிலயே அடைச்சிக்கும்."